ஆங்கில மரபுத்தொடர்களில் கூடலும் விலக்கும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு மொழியின் மரபுத்தொடர்கள் அம்மொழி பேசும் மக்களின் எழுதப்படாத வரலாறு எனலாம். அரசர்களின் வெற்றிகளைக் கல்வெட்டுகளும் ஆவணங்களும் காக்கின்றன. மக்கள் எவரோடு உண்டனர், எவரை அருகில் அமர்த்தினர், எவரைக் கண்டும் காணாதவர் போல் கடந்தனர் என்பவற்றையோ அன்றாடப் பேச்சே காத்து வருகின்றது. பேசுவோர் தொடரின் பிறப்பை மறந்துவிடுகின்றனர். தொடர் தன் பிறப்பை மறப்பதில்லை.

நட்பையும் பழக்கத்தையும் பற்றிய ஆங்கிலத் தொடர்களைத் தமிழ் மாணவர் பெரும்பாலும் பொருளோடு சேர்த்துப் பட்டியலாக மனப்பாடம் செய்வர். அப்பட்டியலைக் காலவரிசையில் வைத்து நோக்கும்போது ஓர் உண்மை புலப்படுகின்றது. மனிதரைச் சேர்க்கும் தொடர்களும் விலக்கும் தொடர்களும் அம்மொழியில் அருகருகே வளர்ந்துள்ளன. பல வேளைகளில் ஒரே கூடத்தில், ஒரே மேசையில் பிறந்துள்ளன. அவ்வுண்மையைச் சில தொடர்களின் வழி விளக்க முற்படுகின்றது இக்கட்டுரை.

அப்பமும் உப்பும்

ஆங்கிலத்தில் தோழனைக் குறிக்கும் 'கம்பேனியன்' என்னும் சொல் இலத்தீனில் வேர்கொண்டு பழைய பிரெஞ்சு மொழி வழியாக வந்தது. 'கோம்' என்பது 'உடன்' என்றும் 'பானிஸ்' என்பது 'அப்பம்' என்றும் பொருள்படும். ஆகவே, உடனிருந்து அப்பம் உண்பவனே தோழன். வணிகக் குழுமத்தைக் குறிக்கும் 'கம்பெனி' என்னும் சொல்லும் இவ்வேரிலிருந்து கிளைத்ததே. இந்திய மண்ணை ஆண்ட ஒரு கம்பெனியின் பெயருக்குள் அப்பத்தைப் பகிர்ந்துண்ணும் பொருள் உறங்கிக் கிடந்தது என்பது வரலாற்றின் நகைமுரண்.

ஆயினும் பகிர்ந்துண்ட மேசை எல்லார்க்கும் ஒப்ப இருந்ததில்லை. இடைக்கால இங்கிலாந்தின் பெருமனைகளில் நீண்ட உணவு மேசையின்மீது பெரிய உப்புக்கலம் ஒன்று வைக்கப்படும். வீட்டுத் தலைவரும் மதிப்புக்குரிய விருந்தினரும் அக்கலத்திற்கு மேற்பக்கம் அமர்வர். பணியாளரும் எளியோரும் கீழ்ப்பக்கம் அமர்வர். தாழ்ந்த நிலையினரைக் குறிக்க 'உப்புக்குக் கீழே' என்னும் தொடர் இவ்வாறு பிறந்தது. ஜோசப் ஹால் 1597ஆம் ஆண்டில் வெளியிட்ட அங்கதச் செய்யுள்களுள் ஒன்று, கிராமத்துச் செல்வர் ஒருவரின் மகனுக்குப் பாடம் சொல்ல அமர்த்தப்படும் ஏழை ஆசிரியனைப் பற்றியது. வேலைக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளுள் ஒன்று, அவன் ஒருபோதும் உப்புக்கு மேலே அமரத் துணியலாகாது என்பது. கல்வி கற்பிப்பவனுக்கு அறிவின் பொருட்டு மேசையில் இடம் உண்டு. மதிப்பின் பொருட்டு இல்லை. ஒரே மேசை, ஒரே அப்பம். நடுவே ஓர் உப்புக்கலம். பிற்கால ஆங்கிலச் சமுதாயத்தின் முழு அமைப்பும் இச்சிறு காட்சியில் அடங்கிவிடுகின்றது.

இடுக்கண் வந்தபோது துணை நிற்பவனே உண்மை நண்பன் என்னும் கருத்து ஆங்கிலப் பழமொழிகளுள் முதன்மையானது. இதுவும் உரோமரிடமிருந்து வந்ததே. கவிஞர் என்னியசின் கூற்றாக இக்கருத்தைச் சிசரோ நட்பைப் பற்றிய தம் நூலில் எடுத்தாள்கின்றார். அந்நூல் எழுந்தது கி.மு. 44ஆம் ஆண்டில், சீசர் கொலையுண்ட ஆண்டும் அதுவே. நண்பர்களாக இருந்தவரே கத்தி எடுத்த ஒரு காலத்தில் நட்பின் இலக்கணம் எழுதப்பட்டது என்பது எண்ணத்தக்கது. இங்கிலாந்தின் முதல் அச்சாளரான வில்லியம் காக்ஸ்டன் 1489ஆம் ஆண்டை ஒட்டி அச்சிட்ட வீரகதை ஒன்றில் இப்பழமொழி ஆங்கில வடிவில் காணப்படுகின்றது. அக்கதையிலேயே அது முன்பே வழங்கும் முதுமொழியாகச் சுட்டப்படுவதால், அச்சுக்கு வருமுன்னரே மக்கள் நாவில் பயின்றிருத்தல் தெளிவு.

பனியை உடைத்தல்

அறிமுகமற்றோரிடையே நிலவும் இறுக்கத்தைப் போக்கும் முதற்பேச்சை ஆங்கிலேயர் 'பனிக்கட்டியை உடைத்தல்' என்பர். இத்தொடரின் பழைய பொருள் இதுவன்று. டச்சு நாட்டு அறிஞர் எராஸ்மஸ் 1500ஆம் ஆண்டில் ஏறத்தாழ 800 முதுமொழிகளைத் தொகுத்து வெளியிட்டார். பதிப்புதோறும் பெருகிய அத்தொகுப்பு இறுதியில் 4000-ஐக் கடந்தது. பனியைப் பிளத்தல் என்னும் இலத்தீன் தொடரும் அதில் இடம்பெற்றது. உறைந்த ஆற்றில் படகு செல்ல வழி உண்டாக்குபவனின் செயலே அதன் அடிப்படை. பின்வருவோர்க்காக அரிய செயல் ஒன்றை முதலில் தொடங்கி வைத்தல் என்பதே அன்றைய பொருள்.

தாமஸ் நார்த் 1579ஆம் ஆண்டில் ஆங்கிலமாக்கிய புளூட்டார்க்கின் வாழ்க்கை வரலாறுகளில் இப்பொருளிலேயே தொடர் ஆளப்படுகின்றது. சேக்சுபியரின் 'தி டேமிங் ஆஃப் தி ஷ்ரூ' நாடகத்திலும் அவ்வாறே. மூத்தவளை ஒருவன் மணம் செய்து கொண்டால்தான் இளையவளை நாடும் பிறர்க்கு வழி திறக்கும். அவ்வழியைத் திறப்பவனே பனியை உடைப்பவன். உள்ளத்தின் குளிர்ச்சி பற்றிய பேச்சு அங்கு இல்லை.

காலப்போக்கில் ஆற்றின் பனி மனிதரின் மீது ஏறியது. பைரன் 1823ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டான் யுவான்' காவியத்தின் 13ஆம் காண்டத்தில், தம் நாட்டு மேன்மக்களின் குளிர்ந்த இயல்பை எள்ளும்போது, அவர்களின் பனியை உடைத்துவிட்டால் அவர்களைப் போன்றோர் கிடையார் என்னும் கருத்துப்பட எழுதுகின்றார். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர்தான், 1814ஆம் ஆண்டு பிப்ரவரியில், தேம்சு ஆற்றின்மீது கடைசிப் பனிச்சந்தை கூடியிருந்தது. பழைய இலண்டன் பாலத்தின் நெருங்கிய வளைவுகள் நீரோட்டத்தைத் தடுத்தமையால் கடுங்குளிர்க் காலங்களில் ஆறு உறைந்துவிடும்; மக்கள் அதன்மீது கடை விரித்துக் கூத்தாடி மகிழ்வர். 1831ஆம் ஆண்டில் புதிய பாலம் திறக்கப்பட்டுப் பழையது இடிக்கப்பட்டபின் இலண்டன் நகருள் ஆறு அவ்வாறு உறையவில்லை. ஆற்றுப்பனி மறைந்தது, தொடரில் உள்ள பனி இன்றும் உருகவில்லை.

குளிர்ச்சியைக் குறிக்கும் மற்றொரு தொடர் 'குளிர்ந்த தோள்' என்பது. வேண்டாத விருந்தினருக்கு ஆறிப்போன ஆட்டுத்தோள் இறைச்சியைப் படைத்து, அவரைக் குறிப்பாக வெளியேற்றிய வழக்கத்திலிருந்து இது பிறந்ததாகச் சொல்லும் கதை பரவலானது. சுவையான கதை, ஆனால் சான்று அதற்கு எதிராக நிற்கின்றது. வால்டர் ஸ்காட் 1816ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி ஆன்டிகுவரி' புதினத்தில் இத்தொடர் ஸ்காட்லாந்து வட்டார வழக்காகத் தோன்றுகின்றது. அங்கே குளிர்ந்த தோள் காட்டப்படுகின்றது; பரிமாறப்படவில்லை. ஒருவரைக் கண்டதும் முகத்தைத் திருப்பினால் எஞ்சி நிற்பது தோள்தானே. சொற்பிறப்பு ஆய்வில் கதையின் இனிமை சான்றாகாது என்பதற்கு இத்தொடர் நல்ல எடுத்துக்காட்டு.

மன்றமும் நீலக் காலுறையும்

17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆங்கிலேயரின் கூடிப்பழகும் முறையில் பெருமாற்றம் நேர்ந்தது. 1652ஆம் ஆண்டில் பாஸ்குவா ரோசே என்பவர் இலண்டன் கார்ன்ஹில் பகுதியில் அந்நகரின் முதல் காப்பிக்கடையைத் தொடங்கினார். குடிவகையும் குலமும் கேளாமல் காசு கொடுப்பவர் எவரும் அமர்ந்து உரையாடலாம் என்பது அக்கடைகளின் புதுமை. 'கிளப்' என்னும் சொல் இக்காலத்தில்தான் புதுப்பொருள் பெற்றது. தடியைக் குறித்த அச்சொல், ஆளுக்கொரு பங்கு காசு போட்டுச் செலவைப் பகிர்தலைக் குறிக்கலாயிற்று. பின்னர்ப் பங்கு போட்டவரின் கூட்டத்தையே குறித்தது.

இக்கூட்டங்களுள் இலக்கியப் புகழ் மிக்கது 1764ஆம் ஆண்டில் ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸும் அகராதி ஆசிரியர் சாமுவேல் ஜான்சனும் தொடங்கிய இலக்கிய மன்றம். ஜெரார்டு தெருவில் இருந்த ஓர் உணவு விடுதியில் வாரந்தோறும் கூடிய அம்மன்றத்தின் தொடக்க உறுப்பினர் ஒன்பதின்மர். எட்மண்ட் பர்க்கும் கோல்ட்ஸ்மித்தும் அவருள் அடங்குவர். மற்றோர் உறுப்பினரான ஜான் ஹாக்கின்ஸ், தாம் இரவில் உண்பதில்லையாதலால் உணவுச் செலவில் பங்கு தர இயலாது என்றார். பங்கு போடாதவர் மன்றத்தில் நிலைக்கவில்லை. மன்றத்திற்கு ஒவ்வாத மனிதர் என்னும் பொருளில் 'அன்கிளபபிள்' என்னும் புதுச்சொல்லை ஜான்சன் அவர்க்குச் சூட்டினார். அகராதியில் இல்லாத ஒரு சொல்லை அகராதி ஆசிரியரே நட்பின் பொருட்டுப் படைத்தார் எனலாம். புதிய உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க மன்றங்கள் பேழையில் பந்து இடும் முறையைக் கையாண்டன. கறுப்புப் பந்து மறுப்பின் அடையாளம். ஒருவரை ஒதுக்குவதைக் 'கறுப்புப் பந்து இடுதல்' என்று ஆங்கிலம் இன்றும் கூறும்.

ஜான்சனின் மன்றத்தில் அன்று பெண் எவரும் உறுப்பினர் இல்லை. ஆயின் அதே இலண்டனில், 1750-களில் தொடங்கி, எலிசபெத் மான்டேகு, எலிசபெத் வெசி ஆகியோரின் இல்லங்களில் வேறு வகையான கூட்டங்கள் நிகழ்ந்தன. சீட்டாட்டத்திற்கு மாற்றாக இலக்கிய உரையாடலே அங்கு விருந்து. ஆண்களும் பெண்களும் சமமாக அமர்ந்தனர். கிரேக்க மெய்யியலார் எபிக்டெட்டசின் உரைகளை 1758ஆம் ஆண்டில் ஆங்கிலமாக்கிய எலிசபெத் கார்ட்டர் அக்குழுவினரே. ஜான்சனும் அங்கு வந்து சென்றார்.

அக்கூட்டங்களுக்குப் பெயர் கிடைத்த வரலாறு சுவையானது. பெஞ்சமின் ஸ்டில்லிங்ஃபிளீட் என்னும் தாவரவியல் அறிஞர் விருந்துக்குரிய பட்டுக் காலுறை அணியாமல், அன்றாட உழைப்புக்குரிய நீலநிறக் கம்பளிக் காலுறையோடு வருவார். அவர் வராத நாளில், நீலக் காலுறை இன்றிப் பேச்சே சிறக்கவில்லை என்று குழுவினர் கூறுவராம். பாஸ்வெல் தம் ஜான்சன் வரலாற்றில் இதனைப் பதிவு செய்துள்ளார். உடையை நோக்காமல் உள்ளத்தை நோக்கி வரவேற்ற ஒரு நட்புக் குழுவின் செல்லப் பெயரே 'நீலக் காலுறை'. தொடக்கத்தில் அது ஆண்பெண் இருபாலார்க்கும் உரியதாய் இருந்தது.

அரை நூற்றாண்டுக்குள் பொருள் திரிந்தது. கற்ற பெண்ணை எள்ளும் வசையாக அது மாறியது. பைரன் அப்பெண்களைக் கேலி செய்து 'தி ப்ளூஸ்' என்னும் அங்கத நூலை இயற்றி 1823ஆம் ஆண்டில் வெளியிட்டார். அறிமுகமற்றோரின் பனியைப் பற்றிப் பாடிய அதே ஆண்டு. நீலக் காலுறை அணிந்தவர் ஓர் ஆண் என்பது மறக்கப்பட்டது. அப்பெயரின் ஏளனம் மட்டும் பெண்கள்மீது தங்கியது. நட்பின் மொழி எவ்வாறு விலக்கின் மொழியாகத் திரியக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

எனினும் வரலாறு அங்கு முடியவில்லை. 1911ஆம் ஆண்டில் ஜப்பானில் ஹிரட்சுகா ரைச்சோவும் அவர்தம் தோழியரும் பெண்களுக்கெனத் தொடங்கிய இலக்கிய இதழுக்குச் 'செய்த்தோ' என்று பெயரிட்டனர். நீலக் காலுறை என்பதே அதன் பொருள். வசையை விருதாக ஏற்ற அவ்விதழ் 1916ஆம் ஆண்டு வரை நடைபெற்றது.

காவன்ட்ரிக்கு அனுப்புதல்

ஒருவரோடு பேச்சை அடியோடு நிறுத்தி, அவர் இருப்பதையே காணாதவர் போல் நடத்துவதை ஆங்கிலம் 'காவன்ட்ரிக்கு அனுப்புதல்' என்கின்றது. காவன்ட்ரி இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள நகரம். 1642ஆம் ஆண்டில் மூண்ட உள்நாட்டுப் போரில் அந்நகரம் நாடாளுமன்றத்தின் பக்கம் நின்றது. பர்மிங்காம் மக்கள் அரசர் தரப்பு வீரரைப் பிடித்துக் காவன்ட்ரிக்கு அனுப்பினர் என்று கிளாரன்டன் தம் போர் வரலாற்றில் எழுதியுள்ளார். தொடரின் தோற்றம் இதுவே என்பார் பலர். ஆய்வாளர் இதனை முடிந்த முடிபாகக் கொள்வதில்லை.

தொடரின் ஆட்சிக்கோ தெளிவான சான்றுகள் உள. டார்ப்பர்லி வேட்டை மன்றத்தின் 1765ஆம் ஆண்டுக் குறிப்பேடு, வேட்டை நாய்களைத் தவறான இடத்திற்கு அனுப்பிய உறுப்பினர் ஒருவர் காவன்ட்ரிக்கு அனுப்பப்பட்டதையும், ஆறு புட்டி மது கொடுத்து மீண்டதையும் பதிவு செய்கின்றது. பிரான்சிஸ் குரோஸ் 1785ஆம் ஆண்டில் வெளியிட்ட கொச்சைமொழி அகராதி, படை அதிகாரிகள் தம்முள் தவறிழைத்தவருக்கு விதிக்கும் தண்டனை இது என்று விளக்குகின்றது. கடமையின் பொருட்டன்றி அவரோடு எவரும் பேசார். அவர் கேட்பதற்கு விடையும் கூறார். வேட்டை மன்றத்தில் விளையாட்டாக இருந்தது படைமுகாமில் தண்டனையாயிற்று. பின்னர்த் தொழிற்சாலைகளில் வேலைநிறுத்தத்தில் சேராத தொழிலாளிமீது ஏவப்பட்ட கொடிய படைக்கலமும் ஆயிற்று.

இத்தண்டனையையே ஓர் அரசியல் கருவியாக அயர்லாந்து மாற்றியது. 1880ஆம் ஆண்டு செப்டம்பரில் எனிஸ் நகரில் பேசிய பார்னெல், வெளியேற்றப்பட்ட குத்தகையாளரின் நிலத்தை எடுப்பவனைச் சுட வேண்டா. தெருவிலும் கடையிலும் சந்தையிலும் வழிபாட்டிடத்திலும் அவனைத் தனிமைப்படுத்துங்கள் என்றார். அவ்வாண்டே மேயோ மாவட்டத்தில் ஏர்ன் பிரபுவின் நில முகவரான கேப்டன் சார்லஸ் பாய்காட்மீது அம்முறை ஏவப்பட்டது. விளைச்சல் குறைந்த அவ்வாண்டில் குத்தகையாளர் 25 விழுக்காடு தள்ளுபடி கேட்டனர். பிரபு தர இசைந்தது 10 விழுக்காடு. பணியாளர் அகன்றனர், கடைக்காரர் பொருள் தர மறுத்தனர். வயலில் நின்ற விளைச்சலை எடுக்க வடபகுதியிலிருந்து ஏறத்தாழ 50 தொண்டர் வரவழைக்கப்பட்டனர். அவர்களைக் காக்க ஏறக்குறைய ஆயிரம் படைவீரர் தேவைப்பட்டனர். அறுவடை முடிந்ததும் பாய்காட் அயர்லாந்தை விட்டு நீங்கினார்.

அவர் சென்றார், அவர் பெயர் நிலைத்தது. விலக்கிவைத்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் உழவர்க்குக் கடினமாக இருக்கும் என்று கருதிய ஓமாலி என்னும் பாதிரியார், அம்மனிதரின் பெயரையே வினையாக்கினார். சில திங்களில் அது ஆங்கில இதழ்களிலும், விரைவில் பிரெஞ்சு, செருமன் மொழிகளிலும் வழங்கலாயிற்று. 1905ஆம் ஆண்டில் வங்கப் பிரிவினையை எதிர்த்து எழுந்த சுதேசி இயக்கத்தின் வழி இந்தியாவுக்கும் வந்து, தமிழில் 'பகிஷ்காரம்' ஆயிற்று. சந்தைக்கும் செல்ல இயலாது தனித்து நின்ற ஒரு நில முகவரின் பெயர், உலகின் எளியோர் கைக்கொண்ட கருவியின் பெயராயிற்று. விலக்கு எப்போதும் மேலிருந்து கீழ்நோக்கி மட்டும் பாய்வதில்லை; உப்புக்குக் கீழே இருந்தவரும் ஒருநாள் விலக்கக்கூடும்.

புதைத்த கோடரியும் துலக்க வேண்டிய சங்கிலியும்

பகை மறந்து நட்புக் கொள்வதைக் 'கோடரியைப் புதைத்தல்' என்று ஆங்கிலேயர் கூறுவது வட அமெரிக்கப் பழங்குடியினரிடமிருந்து பெற்றது. ஹோடினோசோனி என்று தம்மை அழைத்துக்கொள்ளும் இரோக்குவா மக்களின் மரபுப்படி, தம்முள் போரிட்ட ஐந்து இனத்தார் ஒன்றுபட்டபோது பெரும் பைன் மரத்தின் வேரடியில் தம் படைக்கலங்களைப் புதைத்தனர். குடியேற்றத்தாரோடு செய்த உடன்படிக்கைகளிலும் இச்சடங்கு இடம்பெற்றது. கோடரிகள் உண்மையாகவே மண்ணில் புதைக்கப்பட்டதை மாசச்சூசெட்ஸைச் சேர்ந்த சாமுவேல் சூவல் 1680ஆம் ஆண்டில் எழுதிவைத்துள்ளார். 1761ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாளில் நோவா ஸ்கோஷியாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் மிக்மாக் இனத்தலைவர்களும் பிரித்தானிய ஆட்சியாளரும் இவ்வாறே கோடரியைப் புதைத்து அமைதி செய்தனர்.

அம்மக்களிடம் நட்பைப் பற்றி மற்றோர் உருவகமும் இருந்தது. இரோக்குவா மக்களுக்கும் ஆங்கிலக் குடியேற்றங்களுக்கும் இடையிலான உறவு, வெள்ளிச் சங்கிலி என்று பேசப்பட்டது. கயிறு அறுந்துவிடும், இரும்பு துருப்பிடிக்கும், வெள்ளி துருப்பிடியாது. ஆனால் வெள்ளியும் மங்கும். ஆகவே இருதரப்பாரும் காலந்தோறும் ஒன்றுகூடிக் குறை நிறை பேசித் தீர்க்க வேண்டும். அதற்குச் 'சங்கிலியைத் துலக்குதல்' என்று பெயர்.

கோடரியைப் புதைக்கும் தொடரை ஆங்கிலம் தன் அன்றாட வழக்கில் ஏற்றுக்கொண்டது. சங்கிலியைத் துலக்கும் தொடரோ பழைய உடன்படிக்கைகளின் ஏடுகளிலேயே தங்கிவிட்டது. இதனைத் தற்செயல் என்று கூறி அமைய இயலவில்லை. கோடரியைப் புதைத்தல் ஒருநாள் செயல், முடிந்தபின் மறந்துவிடலாம். சங்கிலியைத் துலக்குதல் என்றும் முடியாத கடமை. அம்மக்களின் நிலங்கள் பறிபோன வரலாறு, அக்கடமை எவ்வாறு கைவிடப்பட்டது என்பதன் வரலாறே ஆகும்.

காவன்ட்ரி நகரின் பிற்கால வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. 1940ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் இரவில் செருமன் விமானங்கள் பொழிந்த குண்டுகளால் அங்கு ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இடைக்காலத் தேவாலயம் இடிந்தது. அக்கூரையின் பழைய ஆணிகளால் சிலுவை செய்து, பழிக்கு மாற்றாக மன்னிப்பைப் பேசத் துணிந்தது அந்நகரம். 1944ஆம் ஆண்டில் போரால் சிதைந்த ஸ்டாலின்கிராடு நகரோடும், 1959ஆம் ஆண்டில் தன்னாட்டு விமானங்களும் பங்கேற்றுத் தாக்கிய டிரெஸ்டன் நகரோடும் உடன்பிறப்பு நகர உறவு பூண்டது. 1962ஆம் ஆண்டு மே 25ஆம் நாளில் இடிபாட்டின் அருகே புதிய தேவாலயம் எழுந்தது. பேச்சை மறுப்பதற்குப் பெயராய் நின்ற ஊர், பேச்சைத் தொடங்கி வைக்கும் ஊராயிற்று. ஆயினும் உக்ரைன் போரை ஒட்டி, பின்னாளில் வோல்கோகிராடு என்று பெயர் மாறிய அந்த முதல் உடன்பிறப்பு நகருடனான உறவைக் காவன்ட்ரி நகர மன்றம் 2022ஆம் ஆண்டில் நிறுத்திவைத்தது. வெள்ளியும் மங்கும் என்பது இதுதான்.

அப்பம், உப்பு, பனி, பந்து, காலுறை, கோடரி, சங்கிலி என்று கைக்கு எட்டும் பொருள்களைக் கொண்டே நட்பின் பெருவரலாற்றை ஒரு மொழி எழுதியுள்ளது. கூடுவோர் எவரும், தம் மேசையில் உப்புக்கலம் எங்கே இருக்கின்றது என்று இடையிடையே நோக்குதல் வேண்டும். கூட்டத்தைத் தொடங்குவது பனியை உடைப்பது போன்றது; ஒருவர் துணிந்தால் போதும். கூட்டத்தைக் காப்பது வெள்ளியைத் துலக்குவது போன்றது. அதற்கு அனைவர் கையும் வேண்டும், ஆண்டுதோறும் வேண்டும்.